ஊசி பழகும் வரை

சீல் பிரித்த கையோடு எடுத்த புது ரெக்கார்டு பிளேயர் ஊசியின் நுனியில் ஈரம் இருந்தது.

உமேஷ் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். கடுகில் பாதிகூட இல்லாத ஒரு சொட்டு. மூக்கருகே கொண்டுபோனபோது சந்தன சோப்பு வாசனை அடித்தது. தன் கையிலிருந்துதான் வருகிறது என்று முதலில் நினைத்தான். ஆனால் அந்த வீட்டில் எட்டு மாதமாகச் சந்தன சோப்பு கிடையாது. மனைவி சங்கமித்ரா போன பிறகு அவன் துணி துவைக்கிற சோப்பையே உடம்புக்கும் போட்டுக்கொண்டிருந்தான்.

சொட்டைப் பஞ்சில் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைப் பார்த்தான்.

ஸ்ரீராம்புரத்தில், எதிரெதிரே இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்னால் போகவேண்டிய ஒரு சந்தில் அவன் வீடு. ஒரு கூடம், ஓரத்தில் சமையல் மேடை, பின்னால் பாத்ரூம். கூடத்து நாற்காலியிலிருந்து பாத்ரூம் கதவு பத்தடி. கல்யாணங்களுக்கு மைக் செட் கட்டும் கம்பெனியில் அவன் மெக்கானிக். நாளெல்லாம் ஊருக்கே கேட்கிற சத்தத்தோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு, தன் காதுக்கு மட்டும் கேட்கிற ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. பழைய சாமான் சந்தையில் ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கி, தானே கழற்றிப் பூட்டிச் சரிசெய்தான். காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்றும் வாங்கினான்.

"அத்த மாட்டிக்கினா இடி வுழுந்தாலும் உனக்குக் கேக்காதுப்பா" என்பாள் சங்கமித்ரா. கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் அவள். அறுபது மிஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை கம்மிப்போனவள். வீட்டில் அவள் பேசினால் கிட்டத்தில் இருந்தால்தான் கேட்கும்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குளிக்கப் போனவள் வழுக்கி விழுந்தாள். உமேஷ் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தலையில் அடிபட்ட பிறகும் இருபது நிமிஷமாவது உயிர் இருந்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன் என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். அவளுடைய அக்கா மமதாவிடமும் அதையேதான் சொன்னான்.

அவன் எங்கேயும் போகவில்லை. பத்தடி தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு, கிளாரினெட் ரெக்கார்டு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பக்கம் இருபத்திரண்டு நிமிஷம். அது முடிந்து ஹெட்போனைக் கழற்றியபோதுதான் தண்ணீர் வழிகிற சத்தம் காதில் விழுந்தது. பதறி எழுந்ததில் முழங்கை பட்டு ஊசி முறிந்தது.

அன்று போர்வையால் மூடிய பிளேயரை இத்தனை நாள் அவன் திறக்கவில்லை. கண்ணில் படாமல் தொலைந்தால் போதும் என்று விற்கப் பார்த்தான். பாட்டு ஓடினால் எடுத்துக்கொள்கிறேன் என்றார் வாங்க வந்தவர். அதற்காகத்தான் ஊசி பொருத்திய இந்தப் புதுக் கார்ட்ரிட்ஜ்.

முடி மாதிரி மெல்லிய நான்கு வயர்கள். சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலம். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து அதனதன் முனையில் சொருகினான். இரண்டு திருகுகளை முக்கால்வாசி முடுக்கி, கட்டம் போட்ட அட்டையில் ஊசியை இறக்கி, கோணல் போகும்வரை நகர்த்தினான். விரல் நீளத் தராசில் ஊசியின் பாரத்தை ஒன்றே முக்கால் கிராமுக்குக் கொண்டுவந்தான். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவன் கை நடுங்காமல் ஒரு வேலை செய்தது.

ஊசி பழக முப்பது மணி நேரம் ஆகும் என்றது கூட வந்த சீட்டு. அதுவரை சத்தம் மூடினாற்போல இருக்கும். ஓட ஓடத் திறக்கும். முன்பு கேட்காததெல்லாம் கேட்கும்.

வேலை விட்டு வந்ததும் மாலையில் இரண்டு மணி, மூன்று மணி என்று ஓடவிட்டான். ஓடிய நேரத்தைக் காலண்டர் தாளில் கோடு போட்டு வைத்தான். முதலில் வாயில் துணியை அடைத்துக்கொண்டு பேசுவதுபோல இருந்த வாத்தியங்கள் ஐந்தாறு மணி நேரத்தில் மெல்லத் தெளிந்தன. தபேலாவில் விரல் விழுகிற இடம் தெரிந்தது, வயலின்காரர் மூச்சு இழுப்பது தெரிந்தது, எல்லாவற்றுக்கும் அடியில், மழைக்கு அடியில் ஓடுகிற சாக்கடைபோல, இன்னொன்றும் தெரிந்தது. தண்ணீர். குழாயிலிருந்து பக்கெட்டில் விழுகிற தண்ணீர்.

எழுந்து போய்ப் பார்த்தான். பாத்ரூம் குழாய் மூடித்தான் இருந்தது. தரைகூடக் காய்ந்திருந்தது.

பதினைந்தாம் மணி நேரத்தில் பிளாஸ்டிக் பக்கெட்டை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். இரண்டு தட்டு, நீண்ட இடைவெளி, ஒரு தட்டு. பழைய ரெக்கார்டில் ஊசி ஓடுகிற கோட்டுக்குப் பக்கத்துக் கோட்டின் சத்தம் லேசாகக் கசியும், அதுதான் என்று சொல்லிக்கொண்டான். கோணத்தை மறுபடி பார்த்தான். பாரத்தை மறுபடி நிறுத்தான். எல்லாம் சரியாக இருந்தது. ரெக்கார்டை மாற்றினான். வேறு பாட்டு, வேறு வாத்தியம். தட்டல் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

இருபத்திரண்டாம் மணி நேரத்தில் அவள் கூப்பிட்டாள்.

"உமேஷு."

கம்மிய, காற்றே அதிகமான அந்தக் குரல். ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். சந்தில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. அவன் நெடுநேரம் சுவரில் சாய்ந்து நின்றான். பிறகு எறிந்ததைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டான். அன்று கேட்காமல் விட்டதை இன்றும் கேட்காமல் விட அவனால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மமதா சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். தங்கச்சி போன பிறகு ஒரு வாரம் தவறியதில்லை. புத்தர் படத்துக்குப் பக்கத்தில் இருந்த சங்கமித்ராவின் போட்டோவை முந்தானையால் துடைத்துவிட்டுத் திரும்பியவள் அவன் முகத்தைப் பார்த்து நின்றாள்.

"இன்னா தம்பி, இப்டி எளச்சிட்ட? தூங்கறியா இல்லியா?"

"அக்கா, இத கொஞ்சம் கேளுங்க."

அவள் தயங்கி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் முகத்தில் மெல்லிய சிரிப்பு வந்தது.

"நல்லாதான் பாடற. எப்போ ரெக்கார்டு பண்ண?"

"நானா?"

"பாட்டுக்கூடவே ம்ம்னு இழுக்கறியே. உன் கொரலு எனக்குத் தெரியாதா?"

"வேற எதுவும் கேக்கலியா? தண்ணி சத்தம்? மித்ரா கூப்புடறது?"

மமதாவின் சிரிப்பு நின்றது. ஹெட்போனைக் கழற்றினாள்.

"மித்ராவா?"

"நான் அன்னிக்குக் கடைக்குப் போகலக்கா."

அவன் நாற்காலியைக் காட்டினான்.

"இங்கதான் இருந்தேன். இந்த சேர்ல. இத மாட்டிக்கினு."

மமதா கையில் இருந்ததைப் பார்த்தாள். நாற்காலியைப் பார்த்தாள். பாத்ரூம் கதவைப் பார்த்தாள். நடுவில் இருந்த பத்தடியையும் பார்த்தாள்.

"கூப்ட்டாளா?"

"எனக்குக் கேக்கல."

"நெசமாவே கேக்கலியா?"

"சத்தியமா கேக்கலக்கா."

அவள் ஹெட்போனை நாற்காலியில் வைத்தாள். திறக்காத கேரியரைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருமுறை தடுமாறினாள். சந்தில் எதிர்ச்சுவரில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றிருந்தவள் பிறகு திரும்பிப் பார்க்காமல் போனாள். இனி வரமாட்டாள் என்று உமேஷுக்குத் தெரிந்தது.

பாட்டுக் கேட்கும்போது கூடவே ஹம்மிங் பண்ணுகிற பழக்கம் அவனுக்கு உண்டு. அப்படியானால் அன்றும் பண்ணியிருக்கிறான். உள்ளே அவள் கூப்பிடக் கூப்பிட, வெளியே இவன் சந்தோஷமாகப் பாடிக்கொண்டு இருந்திருக்கிறான். செத்துக்கொண்டிருந்தவளுக்கு அது கேட்டிருக்கும். இதைவிடப் பெரிய ஒரு தண்டனை இருக்க முடியாது என்று நினைத்தான். அதையும் முழுசாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்றும் நினைத்தான்.

காலண்டர் தாளில் இருபத்தொன்பதரை மணி நேரம் ஆகியிருந்தது. கிளாரினெட் ரெக்கார்டைப் போட்டு ஊசியை இறக்கினான்.

இப்போது வாத்தியமே இல்லை. சத்தம் முழுசாகத் திறந்துவிட்டிருந்தது. ஈர டைல்ஸும், தகரக் கதவும், வழிகிற பக்கெட்டும் அவன் தலைக்குள் இருந்தன.

"உமேஷு. வுழுந்துட்டேன்பா."

மூச்சு. தட்டல். மூச்சு.

"உமேஷு."

அப்புறம் அந்த ஹம்மிங். அவன் குரல்தான். மமதா சொன்னது சரி. கண்ணீர் கழுத்துவரை வழிய அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அவனுக்குள் இருந்த மெக்கானிக் ஒன்றைக் கவனித்தான். மூடிய கதவைத் தாண்டி வரும் குரல் அடங்கித்தான் வரும், ஓரங்கள் மழுங்கித்தான் வரும். இது மழுங்கவில்லை. நாலு பக்கமும் டைல்ஸில் மோதி எதிரொலித்தது. கூடத்திலிருந்து வரவில்லை.

பாத்ரூமுக்குள்ளிருந்து வந்தது. அவளுக்கு ஒரு முழ தூரத்தில்.

"வந்துட்டியா?" என்றாள் சங்கமித்ரா. அழுகையும் சிரிப்புமாக. "எவ்ளோ நேரமா கூப்டுனுருக்கேன்."

"வந்துட்டேன் மித்ரா." அவனுடைய குரல்.

ஒரே ஒரு கணம் உமேஷின் நெஞ்சு லேசானது. அவள் தனியாகச் சாகவில்லை. யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். அவன் வந்துவிட்டதாக நம்பியே அவள் கண்ணை மூடியிருக்கிறாள்.

"உன் கை ஏன்பா இப்டி சில்லுனு இருக்கு?"

ஹம்மிங்.

"லைட்ட போடேன். மூஞ்சி தெரில."

ஹம்மிங்.

"நீ யாரு?"

தண்ணீர். தண்ணீர். அப்புறம் அந்தக் கம்மிய தொண்டை, கிழிகிற அளவுக்கு, ஒரே முறை. உள்ளே இருந்தவனை அல்ல. வெளியே இருந்தவனை.

"உமேஷு!"

பக்கம் முடிந்தது. ஊசி கடைசிக் கோட்டில் டக், டக் என்று சுற்றியது. உமேஷ் ஹெட்போனைக் கழற்றினான்.

ஹம்மிங் நிற்கவில்லை.

மத்தியான வெயில் கூடத்துத் தரையில் பளிச்சென்று கிடந்தது. சந்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பாத்ரூம் கதவு ஒரு விரல் அளவு திறந்தது. அப்புறம் ஒரு கை அளவு. அப்புறம் முழுசாக.

உள்ளே ஈரத்தரையில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். உமேஷ் இப்போது போட்டிருக்கும் அதே கோடு போட்ட சட்டை. பின்கழுத்தில் உமேஷுக்கு இருக்கும் அதே தழும்பு. மடியில் ஒரு தலை. தரையெல்லாம் பரவிய ஈரக் கூந்தலை அவன் ஹம்மிங் பண்ணிக்கொண்டே பொறுமையாகக் கோதிவிட்டுக்கொண்டிருந்தான்.

கூந்தல் விலகியது. ஒரு கண் திறந்தது. அது அவனைத் தாண்டி, பத்தடி தாண்டி, நேராக உமேஷைப் பார்த்தது.

உதடுகள் அசைந்தன. திரும்பத் திரும்ப. ஒரே பெயர்.

சத்தமே இல்லை.