முக்கால் மணி

ஏஜென்ட் உள்ளே வரவில்லை.

கதவைத் திறந்தார், சாவியைப் பூட்டிலேயே தொங்க விட்டார், இரண்டு படி இறங்கி வாசல் கேட்டருகே போய் நின்றுகொண்டார். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு வீட்டு ஏஜென்டுகளோடு பழக்கமில்லை. வீட்டைப் பரிசோதிக்க வரும் ஆளின் முதுகோடு ஒட்டிக்கொண்டே வருவது அந்த இனத்தின் சுபாவம். ஓதம் பூத்த சுவர் எதுவோ அதற்கு முன்னால் போய்த் தோளைச் சாய்த்து நிற்பார்கள். விரிசலைக் கண்டால் "சும்மா ஒரு கோடு சார்" என்பார்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் போதும், அருவியையே கொண்டுவந்து காட்டியதுபோலக் கையை விரிப்பார்கள். அப்படிப்பட்ட ஜென்மம் ஒன்று பத்தடி தள்ளி நின்று, வீட்டைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பது சரியாகப் படவில்லை.

சரியாகப் படாததை எழுதி வைக்கத்தான் வீட்டைப் பரிசோதிக்க வந்த நம்மவருக்குச் சம்பளம். அவர் எழுதவில்லை. எழுதும் பழக்கமும் அவருக்கு இல்லை.

அவருடைய அட்டையில் 'முதுநிலைக் கட்டடத் தகுதி ஆய்வாளர்' என்று இருக்கும். ஏஜென்டுகள் தங்களுக்குள் வைத்திருந்த பெயர் 'முக்கால் மணி'. ஒரு வீட்டை ஒழுங்காகப் பார்க்க மூன்று மணி நேரம் ஆகும். இவர் நாற்பத்தைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவார். அறிக்கையின் கடைசி வரியை, 'பொதுவாகத் திருப்திகரம்' என்பதை, காரில் வரும்போதே எழுதிவிடுவார். தலையில் விழக்கூடியது அதிகபட்சம் ஒரு பல்லிதான் என்ற வீடுகளுக்கும் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போவார். நடுவிரல் மூட்டால் சுவரைத் தட்டுவார். இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி ஒன்று. தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவார். "வீடு நம்மகிட்ட பேசும், கேட்கத் தெரியணும்" என்று வாங்க வந்தவர்களிடம் சொல்வார். சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். பூச்சுக்குப் பின்னால் வெற்றாக இருக்கிறதா என்பது அந்த ஓசையில் தெரியவேண்டும். அவருக்கு இதுவரை ஒன்றும் தெரிந்ததில்லை.

இந்த வீடு அவருக்குப் புதிதல்ல. போன வருஷம் இதே ஏஜென்டுக்காக, இதே முக்கால் மணியில் பார்த்துக் கொடுத்தார். வாங்கியவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். மனைவியோடு வந்திருந்தார். கையில் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, எந்தச் சுவரை இவர் எத்தனை மணிக்குத் தட்டினார் என்று நிமிடக் கணக்கில் குறித்துக்கொண்டே வந்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்னக் கதவைக் காட்டி, "இதைத் திறக்க மாட்டீங்களா?" என்று கேட்டார். ஏஜென்ட் சாவிக்கொத்தைக் குலுக்கினார். "அதுல பார்க்க ஒண்ணும் இல்லீங்க" என்றார் முதுநிலை ஆய்வாளர்.

இப்போது அந்தத் தம்பதி பிள்ளையோடு இருக்க வெளியூர் போய்விட்டார்களாம். வீடு மறுபடி விலைக்கு வந்திருந்தது. வாங்கப் போவது ஆய்வாளருடைய அக்கா.

அக்கா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். தனி ஆள். வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டிலேயே கிடந்தவள். இந்த வீட்டை அவளாகவே தேடிப் பிடித்தாள். நான் ஏற்கெனவே சான்று கொடுத்த வீடு என்று தம்பி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், அது ஏன் வருஷம் திரும்புவதற்குள் கைமாறுகிறது என்று கேட்பாள். எங்கேயோ படித்துவிட்டு வந்து, "மூணு மணி நேரம் ஆகணுமாம்டா. அதுக்குக் குறைச்சு பார்த்துட்டு வந்தே, வீட்டுக்குள்ள விட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். நாலே காலுக்கு வந்து கையெழுத்துப் போடுவதாக ஏஜென்டிடம் பேச்சு. அதற்குள் தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் வீடு அவளுடையது.

அந்த மூன்று மணி நேரத்துக்காகக் காலையிலேயே வருகிறேன் என்றுதான் இவர் சொன்னார். வேண்டாம், மத்தியானம் வாருங்கள் என்று ஏஜென்ட் பிடிவாதம் பிடித்திருந்தார்.

மூன்று மணிக்கு உள்ளே போனார். மூன்று ஐந்துக்கு ஹால் சுவரைத் தட்டினார். அடுத்து சமையலறை, பெரிய அறை, சின்ன அறை. மூன்று இருபத்தைந்துக்கு மாடிப்படிச் சுவர். போன வருஷத்து வரிசையேதான். வேறு வரிசை அவருக்குத் தெரியாது. வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் வாசனை. அதற்கு அடியில் நாள்பட நனைந்த காகிதத்தின் நெடி. அதற்கும் அடியில் வேறொன்று, நெடுநாள் காய்ச்சலில் கிடந்தவரின் தலையணையை முகர்ந்ததுபோல. ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்தார். முள் நடுவில் நின்றது. நடுவில் நின்றால் திருப்திகரம்.

மூன்றே முக்காலுக்குக் கேட்டருகே ஏஜென்டின் போனில் அலாரம் அடித்தது.

"அண்ணே, முக்கால் மணி ஆச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இன்றைக்கு மூன்று மணி நேரம் என்று இவர் ஜன்னல் வழியாகச் சொன்னார். ஏஜென்ட் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"நீங்களா? மூணு மணி நேரமா? வாங்கண்ணே, வெளியில உட்கார்ந்து எழுதிக்கலாம். நாலரைக்கு இன்னொரு பார்ட்டி வருது. உங்க அக்காவாச்சேன்னுதான் முதல்ல காட்டினேன்."

"உள்ள வந்து சொல்லுங்களேன்."

"இல்லண்ணே. நான் இங்கயே இருக்கேன்."

அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாத ஏஜென்டை அவர் வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தார். அனுபவம் என்று அவர் இத்தனை வருஷம் அழைத்துவந்த சமாசாரம் எங்கேயோ ஓடிப்போய், வெறும் மனிதர் ஒருவர் ஹெல்மெட்டோடு அந்த வீட்டின் நடுவில் நின்றார்.

மூன்று மணி நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்றும் அவருக்குத் தெரியவில்லை. மாடிப்படிக்கு அடியில் போனார். அங்கே இருந்த சின்னக் கதவைக் காணோம். சுவரோடு சுவராக ஒரே பெயின்டை இழுத்திருந்தார்கள். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது விளிம்பு தெரிந்தது. தகட்டுக் கத்தியால் கீறி நெம்பினார். பெயின்ட் தோல்போல உரிந்தது. கதவு திறந்தது.

காய்ச்சல் தலையணை வாசனை இங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

குனிந்துதான் நுழைய முடிந்தது. உள்ளே இரண்டு மடக்கு நாற்காலிகள். முழங்காலோடு முழங்கால் இடிக்கும்படி எதிரெதிராகப் போட்டிருந்தார்கள். ஒரு தண்ணீர் பாட்டில். ஒரு மூக்குக் கண்ணாடி. சுவரில் பென்சிலால், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல்.

ஹால் – 11.50. சமையலறை – 11.55. பெரிய அறை – 12.00. சின்ன அறை – 12.04. மாடிப்படிச் சுவர் – 12.10. தினமும். தாமதம் இல்லை.

அதன் கீழே: 'ஆய்வாளர் தட்டிய வரிசை இதுவே. தட்டி முக்கால் மணிக்குப் பின் பதில். அவர் இவ்வறையைத் திறக்கவில்லை. ஆகவே இங்கே வராது.'

அதற்கும் கீழே நாள் கணக்குக்கான கோடுகள். ஐந்தைந்தாகக் கட்டிய நாலு கட்டு. பிறகு மூன்று கோடு. நாலாவது கோடு பாதியில் சாய்ந்து, சுவரில் இழுபட்டுக்கொண்டே தரைவரைக்கும் போயிருந்தது.

ஸ்டேஷன் மாஸ்டருக்கு வயசாகிவிட்டது, பாவம், புத்தி பிசகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறருக்குப் புத்தி பிசகியிருக்கிறது என்று முடிவு கட்ட அவருக்கு முக்கால் மணிகூட வேண்டாம்.

மணி பார்த்தார். மூன்று ஐம்பது.

ஹாலில் தட்டினார்கள்.

இரண்டு. ஒரு இடைவெளி. ஒன்று.

ஏஜென்டின் விளையாட்டு என்று முதலில் தோன்றியது. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். நடைபாதை, ஹால், திறந்த வாசற்கதவு, அதற்கும் அப்பால் கேட். ஏஜென்ட் கேட்டில்தான் நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வீட்டுக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார்.

ஓடியிருக்கலாம். இருபது அடிதான். ஆனால் ஹால் வழியாகப் போகவேண்டும். தாண்டி வெளியே போனாலும் அக்காவிடம் என்னவென்று சொல்வது? போன வருஷம் நான்தான் இதற்குச் சான்று கொடுத்தேன் என்றா? இந்த நிலையிலும் அவர் மனம் ஒரு வாசகத்தைத் தேடியது. 'கூடுதல் ஆய்வுக்குரியது.' நல்ல வாசகம். யாருக்கும் ஒன்றும் புரியாது.

மூன்று ஐம்பத்தைந்து. சமையலறை. இரண்டு, ஒன்று.

அவருடைய தட்டல்தான். அவருடைய விரல் மூட்டின் எலும்பு ஓசை. தட்டிய பின் தலையைச் சாய்க்க எடுத்துக்கொள்ளும் அந்த அற்பமான நேரம்கூட அதில் இருந்தது. பேசச் சொன்னார், வீடு பேசுகிறது. இத்தனை வருஷம் இத்தனை வீட்டில் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் காரில் ஏறிப் போயிருக்கிறார். எத்தனை வீடு? யார் யார் வீடு?

நாலு மணி. பெரிய அறை.

யோசித்தார். நான் தட்டிய வரிசையில்தான் வருகிறது. இந்த அறையை இன்றைக்கும் தட்டவில்லை. ஆகவே இங்கே வராது. கதவை உள்ளிருந்து இழுத்துச் சாத்தினார். எதிரே சுவரில் அதே வாக்கியம் அழகான கையெழுத்தில் இருந்தது. டார்ச்சை அணைத்தார்.

நாலு நாலு. சின்ன அறை.

இருட்டு. பெயின்ட். தலையணை. நாற்காலியின் கம்பி முழங்காலில் பட்டது. சில்லென்று இருக்கவேண்டிய கம்பி வெதுவெதுப்பாக இருந்தது.

நாலு பத்து. மாடிப்படிச் சுவர். தலைக்கு மேலே.

இரண்டு.

ஒன்று.

பிறகு ஒன்றுமில்லை. பட்டியல் தீர்ந்தது. ஆனால் அது போன சத்தம் கேட்கவில்லை.

வாசலில் அக்காவின் குரல். ஏஜென்டின் குரல், தேன் தடவிக்கொண்டு: உங்கள் தம்பி முழுக்கப் பார்த்தாயிற்று, எல்லாம் திருப்தி என்றுவிட்டார், உள்ளே போவானேன், இங்கேயே கையெழுத்தைப் போட்டுவிடலாம். அவன் எங்கே என்று அக்கா கேட்டாள். கடைசியாக ஒரு சுற்றுப் பார்க்கிறார் என்றார் ஏஜென்ட். போகாதீர்கள் அம்மா என்றும் சொன்னார். அதைச் சொன்ன குரலில் தேன் இல்லை. அக்கா ஏஜென்டுகள் பேச்சைக் கேட்பவள் அல்ல. அவள் செருப்புச் சத்தம் ஹாலுக்குள் வந்தது.

"டேய் தம்பி. மூணு மணி நேரம்னேன், ஒரு மணியில முடிச்சிட்டியாமே?"

ஒரே ஒரு வார்த்தை போதும். வேணாம்க்கா. வாயைத் திறக்கவேண்டும். திறந்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் மேலே இருப்பதற்கு இந்த அறை தெரிந்துவிடும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வீடு எப்படிடா? சரியா, வேணாமா?"

பொத்திக்கொண்டிருந்தார்.

"பதில் சொல்லலேன்னா சரின்னு எடுத்துக்கறேன்" என்று அக்கா சிரித்தாள். ஏஜென்டைப் பார்த்துச் சொன்னாள்: "இவன் எங்க போனாலும் சுவத்தை விடமாட்டான். எப்படித் தட்டுவான் தெரியுமா?"

தட்டினாள். ஹால் சுவரில். அச்சாகத் தம்பியைப்போல. இரண்டு. இடைவெளி. ஒன்று.

இருட்டில் அவர் கணக்குப் போட்டார். கணக்கு ஆறுதலாக இருந்தது. முக்கால் மணி இருக்கிறது. அதற்குள் அவளே வெளியே போய்விடுவாள். அப்புறம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம். போனில் சொல்லலாம். எழுதிக்கூட அனுப்பலாம்.

அக்காவின் செருப்புச் சத்தம் வாசலுக்குத் திரும்பியது. காகிதம் புரளும் ஓசை. "இங்க ஒண்ணும்மா. இங்க ஒண்ணு."

அவருடைய ஹெல்மெட்டின் மேல் ஏதோ தட்டியது.

மென்மையாக. நடுவிரல் மூட்டால். உள்ளே வெற்றாக இருக்கிறதா என்று பார்ப்பவர் தட்டுவதுபோல.

இரண்டு.

ஒன்று.

இந்தத் தடவை அதற்கு முக்கால் மணி தேவைப்படவில்லை. தட்டிவிட்டு அது அடுத்த அறைக்குப் போகவும் இல்லை. அவர் முகத்துக்கு நேர் எதிரே, இரண்டாவது நாற்காலி யாரோ உட்காரும் கனத்தில் கிறீச்சிட்டது. வெதுவெதுப்பான ஒரு மூச்சு மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பதிலுக்குக் காத்திருந்தது.