அண்ணனைக் காணோம்!

என் அண்ணன் வால்ஃப்ரிட் எல்லாவற்றிலும் முந்திக்கொள்வான். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குக்கு முதலில் நீளுவது அவன் கைதான். டிராம் நிற்பதற்கு முன்பே குதித்து இறங்கிவிடுவான். நாங்கள் குடியிருந்த ஸ்டாக்ஹோம் தெருவில் அவன் அளவுக்கு உயரமாகத் தாவ யாராலும் முடியாது. அதை மறந்துவிடாமல் அவனே எங்களுக்கு அடிக்கடி சொல்லிக்கொண்டிருப்பான்.

1912ஆம் ஆண்டுக் கோடையில் எங்கள் ஊரில் ஒலிம்பிக் நடக்க இருந்தது. அண்ணன் ஜிம்னாஸ்டிக் அணியில் இருந்தான். எங்கள் நாட்டு முறையில் தனி ஆளுக்குப் பரிசு கிடையாது. வெள்ளை உடை போட்டுக்கொண்டு ஒரு பெரிய கூட்டமே வரிசையாக நிற்கும். கை தூக்கினால் எல்லாக் கைகளும் ஒன்றாக மேலே போக வேண்டும். ஒரே ஒரு கை முந்தினாலும் மொத்த அணிக்கும் மதிப்பெண் குறையும்.

அந்த ஒரே ஒரு கை யாருடையது என்று நான் சொல்லவே வேண்டாம்.

ஒரு மாலை அண்ணன் தொப்பியைச் சமையலறை மூலையில் எறிந்துவிட்டு உட்கார்ந்தான்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"சனிக்கிழமை கடைசிப் பயிற்சி. அன்னிக்கும் நான் முந்திக்கிட்டா, என்னை வெளிய நிறுத்திட்டு வேற ஆளைப் போட்டுருவேன்னு பயிற்சியாளர் சொல்லிட்டாரும்மா. நான் என்ன வேணும்னேவா முந்தறேன்? கால் தானா போகுது!"

அவன் குரல் உடைந்துவிட்டது. மீன் இன்னொரு துண்டு போடு என்றுகூட அவன் கேட்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எப்படியாவது அவனை அந்த வரிசையில் நிற்க வைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

எப்படி என்பதுதான் தெரியவில்லை. மறுநாள் முற்றத்தில் நாங்கள் வழக்கம்போல் நீளக் கயிறு சுழற்றிக் குதித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுற்றுவார்கள். மற்றவர்கள் கயிற்றுக்குள் வரிசையாக நின்று ஒன்றாகக் குதிக்க வேண்டும். கீழ்வீட்டு ஸ்வேயாவுக்கு ஆறு வயது. ஆரம்பத்தில் அவளும் அவசரக்குடுக்கைதான். அவள் முந்திக் குதிப்பாள், கயிறு அவள் காலில் சிக்கும், எங்கள் எல்லோருடைய ஆட்டமும் போய்விடும். நான்தான் அவள் கையைப் பிடித்துப் பழக்கினேன். இப்போது அவள் தவறுவதே இல்லை.

அவள் குதிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்த நான், கயிற்றை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"அண்ணா, எங்ககூட வந்து கயிறு தாண்டு!"

"யாரு, நானா? டீரா, உனக்கு என்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? தெருவே சிரிக்கும்."

"தெரு சிரிச்சா பரவாயில்ல. மைதானத்துல ஊரே சிரிச்சா?"

முறைத்துக்கொண்டே இறங்கி வந்தான். எங்களோடு விளையாடும் பக்கத்து வீட்டுச் சிக்ஸ்டன் ஒரு முனையைப் பிடித்தான், இன்னொரு முனையை நான் பிடித்தேன். அது அம்மா துணி காயப்போடும் கயிறு என்பதை இங்கே சொல்லாமல் விட்டுவிடலாம். ஸ்வேயாவும் மற்றப் பொடிசுகளும் அண்ணனோடு வரிசையில் நின்றார்கள்.

கயிறு சுழன்றது. அண்ணன் எல்லோருக்கும் முன்னால் எழும்பினான். அடேயப்பா, என்ன உயரம்! ஆனால் கயிறு வந்து சேர்ந்தபோது அவன் இறங்கிவிட்டிருந்தான். கயிறு அவன் பூட்ஸில் மாட்டியது. மொத்தப் பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள்.

ஸ்வேயா எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். இடுப்பில் கைவைத்து அண்ணனை அண்ணாந்து பார்த்தாள்.

"ஏன் அண்ணே, கயித்துக்குள்ள நீ மட்டுமா இருக்க?"

மேலே ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "என்னப்பா வால்ஃப்ரிட், ஒலிம்பிக்ல இதையும் சேர்த்துட்டாங்களா?" என்று செருப்பு தைக்கிறவர் கத்தினார். அண்ணன் முகம் சிவந்துபோனது. விறுவிறுவென்று படியேறப் போனான்.

நான் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"தள்ளுடி."

"தள்ள மாட்டேன். ஸ்வேயா எத்தனை தடவை விழுந்தா தெரியுமா? அவ போகல. நீ போறியா?"

அண்ணன் ஸ்வேயாவைப் பார்த்தான். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தாள். அவன் திரும்பி வந்தான்.

"சரி, சொல்லு. எப்படி?"

"கயித்தைப் பார்க்காதே. உன் காலையும் பார்க்காதே. ஸ்வேயா குதிக்கறதுக்கு முன்னாடி மூச்சு இழுப்பா. அது காதுல விழுந்ததும் குதி" என்றேன்.

"எனக்குச் சளி. நல்லாவே கேக்கும்" என்றாள் ஸ்வேயா.

அன்றைக்கும் விழுந்தார்கள், மறுநாளும் விழுந்தார்கள். அண்ணன் பட்டறை வேலை முடிந்து வந்ததும் நான் கயிற்றோடு வாசலில் நிற்பேன். என் உள்ளங்கையெல்லாம் கொப்புளம். வெள்ளிக்கிழமை சுற்ற ஆரம்பித்த கயிறு நிற்கவே இல்லை. அண்ணனும் பொடிசுகளும் ஒன்றாக எழும்பினார்கள், ஒன்றாக இறங்கினார்கள். ஜன்னலில் இருந்த செருப்பு தைக்கிறவர் சிரிப்பை மறந்து கைதட்டினார்.

சனிக்கிழமை பயிற்சி முடிந்து அண்ணன் வந்தான். நான் வாசலுக்கு ஓடினேன்.

"என்னாச்சு அண்ணா?"

"ஒண்ணும் ஆகல."

"அப்படின்னா?"

"பயிற்சியாளர் என் பேரைச் சொல்லிக் கத்தவே இல்ல. நான் இருக்கறதே அவருக்குத் தெரியல!" என்றான். அப்புறம் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

போட்டி நாள் வந்தது. புது மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்தது உச்சி வரிசை. சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு அம்மா, அவள் மடியில் ஸ்வேயா, பக்கத்தில் நான். கீழே எங்கள் அணி வெள்ளை வெளேரென்று நடந்து வந்து நின்றது.

"இதுல எதுடி நம்ம பையன்?" என்றாள் அம்மா.

"இரும்மா. முந்தற கை எதுன்னு பார்த்தா தெரிஞ்சிடும்."

கைகள் எழுந்தன. எல்லாம் ஒன்றாக. கால்கள் நீண்டன. அவையும் ஒன்றாக. நான் வரிசை வரிசையாகத் தேடினேன். முந்தும் கை ஒன்றுகூட இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"காணோம்மா! அண்ணனைக் காணோம்!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் பதறித் திரும்பினார். "அச்சச்சோ! சின்னப் பையனா? போலீஸ்காரரைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாங்க, காணாமலே இருக்கட்டும்!" என்றாள் ஸ்வேயா.

தங்கம் எங்கள் அணிக்குத்தான். மாலையில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு அண்ணன் எங்களிடம் ஓடி வந்தான். இந்த விஷயத்தில் மட்டும் அவன் மாறவே இல்லை.

"என்னைப் பார்த்தியா டீரா?" என்று மூச்சு வாங்கக் கேட்டான்.

"இல்ல அண்ணா. எவ்வளவோ தேடினேன், நீ கிடைக்கவே இல்ல."

தன் பதக்கத்தை எடுத்து, கொப்புளம் ஆறாத என் உள்ளங்கையில் வைத்தான் அண்ணன்.