கிழக்கு ஜன்னல் கட்டில்

தம்பிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள், மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மத்தியானச் சாப்பாட்டு வண்டி வெளியே போய்க்கொண்டிருந்தது. வெளியில் மழை இருட்டு. நடைபாதையில் பினாயில் வாசனையும் நனைந்த குடைகளின் வாசனையும் கலந்து கிடந்தன.

தம்பி வாயைத் திறக்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பான உத்தரவு. எட்டு ஊருக்குப் பேசுகிற வாய் அது. இப்போது புருவத்தாலும் விரலாலும் பேசிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும், ஆறிப்போன சூப்பைக் காட்டித் தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்வதுபோல் சைகை செய்தான்.

"கொழுப்பு இன்னும் குறையலையா உனக்கு? ஒழுங்கா குடிடா," என்றாள்.

தலைமாட்டில் ஒரு வயரில் மணிப் பொத்தான் தொங்கியது. இப்போதைக்கு அவனுக்கு அதுதான் குரல். அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடித்து, எந்தக் கட்டில் என்று திரையில் எழுத்து வரும். பேச முடிந்தவர்கள் பொத்தானிலேயே பேசலாம். தம்பி அதை அழுத்திக் காட்டி உதட்டைப் பிதுக்கினான்.

எங்கும் மணி அடிக்கவில்லை.

"காலையிலேர்ந்து மணியெல்லாம் படுத்துக்கிச்சுங்க," என்றபடி தலைமை நர்ஸ் வந்தாள். கனத்த உடம்பு, களைத்த கண்கள். "எங்க கம்ப்யூட்டர் ஆளு லீவு, போனையும் எடுக்க மாட்டேங்கிறாரு. நீங்களும் அதே வேலைதானாமே? உங்க தம்பி சொன்னாரு. வாய் இருந்தப்போ."

லினக்ஸ் சர்வர்களைக் கட்டி மேய்ப்பதுதான் அவள் பிழைப்பு. வார்டு முழுக்க மணியில்லாமல் நோயாளிகள் கிடக்கும்போது முடியாது என்று எப்படிச் சொல்வது? தம்பியின் தலையைத் தடவிவிட்டு எழுந்தாள்.

மணிகளை இயக்கும் சர்வரின் அறை கீழ்த்தளத்தில், பழைய வார்டைத் தாண்டி இருந்தது. கூரை ஒழுகியதால் அந்த வார்டை மூடி வெகுநாளாகிறதாம். கம்பியில்லாத கட்டில்கள், சுருட்டி வைத்த மெத்தைகள், அழுக்கேறிய ஜன்னல்கள். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் அந்த வார்டைக் கடக்கும்போது மட்டும் வேகமாக நடந்ததை அவள் கவனித்தாள்.

அறைக்குள் குளிர்சாதனத்தின் இரைச்சல். ஒரே ஒரு சர்வர், ஒரு திரை, மணியைச் சோதித்துப் பார்ப்பதற்காகச் சுவரில் ஒரு ஸ்பீக்கர். உட்கார்ந்து நாலு கட்டளை தட்டியதுமே நோய் பிடிபட்டது. ஹார்ட் டிஸ்க்கில் ஊசி குத்தக்கூட இடமில்லை.

"கேஷ் நிறைஞ்சு போச்சு, சிஸ்டர்."

"கேஷா? அதெல்லாம் பில் கவுண்டர்ல தாங்க இருக்கும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தக் கேஷ் இல்ல. புதுசா எந்த மென்பொருள் போட்டாலும், அதோட மூட்டையை லினக்ஸ் ஒரு மூலையில எடுத்து வச்சுக்கும். நாளைக்கு வேணும்னா மறுபடி வெளியே போய் இறக்க வேணாம் பாருங்க. யாரும் துடைக்கலைன்னா பரண் மாதிரி சேர்ந்துக்கிட்டே போகும். இப்போ காலி பண்ணிடலாம்."

"பண்ணுங்க, புண்ணியமாப் போகும். எனக்கு மருந்து நேரம்," என்று நர்ஸ் மேலே போய்விட்டாள்.

அவள் துடைக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரை மறுத்தது. வேறொரு புரோகிராம் அந்த மூட்டைக் கிடங்கைப் பூட்டி வைத்திருக்கிறது என்றது. இது தினமும் பார்க்கிற சங்கதிதான். பின்னணியில் ஏதாவது அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும். பூட்டைப் பிடித்திருந்த புரோகிராமை நிறுத்திவிட்டு மறுபடி கொடுத்தாள்.

மறுபடியும் பூட்டு. இப்போது வேறொரு புரோகிராம்.

அதையும் நிறுத்தினாள். இன்னொன்று வந்தது.

யாராவது வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைந்திருக்கிறார்களா என்று பார்த்தாள். அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சரி, நீ கொடாக்கண்டன் என்றால் நான் விடாக்கண்டன் என்று, கிடங்குக்குள் நேரே போய் மூட்டைகளைக் கையாலேயே அழிக்கப் பார்த்தாள். வரிசையாக வந்த பெயர்களைக் கண்டதும் விரல் நின்றது. எல்லாம் ஒரே மூட்டை. பதிப்பு எண் மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது. இத்தனை வருட அனுபவத்தில் அப்படி ஒரு மென்பொருளை அவள் கேள்விப்பட்டதில்லை.

கிழக்கு-ஜன்னல்.

இங்கே இருந்தவர் யாரோ விளையாட்டாகச் செய்து வைத்ததாக இருக்கும். மொத்தத்தையும் அழித்தாள். பட்டியல் காலியானது. மூச்சு விட்டு நிமிர்வதற்குள் முதல் வரி மறுபடி முளைத்தது.

கிழக்கு-ஜன்னல்.

எங்கிருந்து இறங்குகிறது இது? எழுந்து சர்வரின் பின்பக்கம் போய் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. இனி வெளியுலகத்திலிருந்து ஒரு எழுத்துகூட உள்ளே வர முடியாது.

திரும்பிப் பார்த்தாள். இரண்டாவது வரி. மூன்றாவது.

கேபிள் அவள் கையில் இருந்தது.

குளிர்சாதனத்தின் இரைச்சல் குறைந்துபோனதுபோல் இருந்தது. பழைய வார்டில் தண்ணீர் சொட்டுவது இவ்வளவு தூரம் கேட்டது. ஈர மெத்தையின் வாடை, அதனுடன் வெகுநேரம் மூடி வைத்த மருந்துப் பெட்டியின் வாடை. கதவு சாத்தித்தான் இருந்தது.

இங்கிருந்து போய்விடு என்றது மனசு. ஆனால் மேலே தம்பி குரலில்லாமல் கிடக்கிறான். மறுபடி உட்கார்ந்து, ஒரு மூட்டையை நிறுவாமலே பிரித்துப் பார்த்தாள். உள்ளே புரோகிராம் எதுவும் இல்லை. ஒரே ஒரு ஒலிக் கோப்பு. ஓடவிட்டாள்.

சுவர் ஸ்பீக்கரில் மூச்சு கேட்டது. வறண்ட, மெதுவான மூச்சு.

"சிஸ்டர்… யாராவது இருக்கீங்களா?"

வயதான பெண் குரல். கோபமில்லை. கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன குரல்.

"கொஞ்சம் வந்து உட்காருங்களேன்…"

அவள் நிறுத்தும் பொத்தானைத் தட்டினாள். குரல் நிற்கவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

மூச்சு தொடர்ந்தது.

"யாரும்மா நீ? புதுசா வந்திருக்கியா?"

அவள் கையிலிருந்த வயரைப் பார்த்தாள்.

"உன் தம்பி மணி அடிக்கிறான்மா. ரொம்ப நேரமா அடிக்கிறான்."

நாற்காலி விழுந்த சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. இருண்ட வார்டின் நடுவே, கட்டில்களில் இடித்துக்கொண்டு ஓடினாள். படிகளில் செருப்பு கழன்று போனது. மேலே நர்ஸ் மேசையில் யாருமில்லை. திரையில் எழுத்தில்லை, மணியில்லை, எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது.

தம்பி ஒருக்களித்துக் கிடந்தான். தலையணை சிவப்பாக இருந்தது. வாயோரம் ரத்தம் வழிய, கண்கள் பிதுங்க, கட்டைவிரலால் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"சிஸ்டர்!" என்று அவள் போட்ட கூச்சலில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

அடுத்து நடந்தவை அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருந்தன. ஓடி வந்த கால்கள், உருண்டு போன கட்டில், சாத்திக்கொண்ட கதவு. தையல் ஒன்று விட்டுப்போயிருந்ததாம். வெளியே வந்த டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டு, "பிழைச்சுக்கிட்டான். நீங்க பார்க்காம இருந்திருந்தா ரத்தம் மூச்சுக்குழலுக்குள்ள போயிருக்கும்," என்றார்.

அவள் பெஞ்சில் சரிந்தாள். தலைமை நர்ஸ் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள்.

"சிஸ்டர், கிழக்கு ஜன்னல்னு இங்க ஏதாவது கட்டில் இருக்கா?"

நர்ஸின் கை தம்ளரை விடவில்லை.

"யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"இருக்கா?"

"கீழ, பழைய வார்டுல இருந்துச்சு." நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "மணிக்காரம்மான்னு பேரு வச்சிருந்தோம். எப்பப் பாரு மணி. போய்க் கேட்டா ஒண்ணும் வேணாம், சும்மா கொஞ்ச நேரம் உட்காருன்னுவாங்க. எங்களுக்கு எங்கங்க உட்கார நேரம்? அப்புறம் ஒரு நாள் இதே மாதிரி மணியெல்லாம் நின்னு போச்சு. நாங்களும் அப்பாடான்னு இருந்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தா…" நர்ஸ் படிக்கட்டின் பக்கம் பார்த்தாள். "கை மட்டும் பொத்தான் மேல அப்படியே இருந்துச்சு."

மழை வலுத்தது. வார்டில் யாரோ இருமினார்கள். இன்னொருவர் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏங்க, யாராவது வாங்களேன்!" என்று கூப்பிட்டார். இத்தனை பேரை மணியில்லாமல் விட்டுவிட்டுப் போக முடியாது என்பது இருவருக்கும் தெரிந்தது.

"நானும் வரேன்," என்றாள் நர்ஸ். ஆனால் பழைய வார்டின் வாசலோடு நின்றுவிட்டாள். "நீங்க போங்கம்மா. நான் இங்கேயே நிக்கிறேன். பேசிக்கிட்டே இருக்கேன், கேட்குதா?"

"பேசிக்கிட்டே இருங்க."

உள்ளே நாற்காலி விழுந்தபடி கிடந்தது. ஸ்பீக்கரில் சத்தமில்லை. அவள் நின்றுகொண்டே துடைக்கும் கட்டளையைத் தட்டினாள். மறுப்பு வரும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

யாரும் பூட்டைப் பிடித்திருக்கவில்லை. மூட்டைகள் மொத்தமும் ஒரே நொடியில் போயின. கிடங்கு வெறுமையாக, வழித்த பாத்திரம்போல் கிடந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள். புதிய வரி எதுவும் முளைக்கவில்லை. கேபிளைச் செருகி, மணிச் சேவையைத் தொடங்கிவிட்டாள். மேலே ஒன்றன்பின் ஒன்றாக மணிகள் ஒலிப்பது கேட்டது.

"அடிக்குதுங்க!" என்று நர்ஸ் கத்தினாள். "எல்லாம் அடிக்குது!"

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை காலம் அந்தக் குரலுக்கு ஒண்ட ஒரு மூலை இருந்தது. அதையும் துடைத்தாகிவிட்டது. இனி அது எங்கே போகும் என்ற கேள்வி படியேறும்போது அவள் கூடவே ஏறியது.

தம்பி தேறினான். பேசலாம் என்று டாக்டர் அனுமதித்த அன்று, வார்டே அவன் வாயைப் பார்த்தது. "அக்கா, பசிக்குது," என்றான் கரகரப்பாக. அவனுடைய சொந்தக் குரல். எல்லாரும் சிரித்தார்கள். அவளுக்கு மட்டும் கண்ணீர் வந்தது. கீழே நடந்ததை அவனிடம் அவள் சொல்லவில்லை. வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

அன்று மாலை, மாத்திரை மயக்கத்தில் தூங்கிய தம்பியின் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கட்டைவிரல் போர்வையை அழுத்தியது. விட்டது. மறுபடி அழுத்தியது. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் அந்தக் கையை எடுத்துத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். விரல் அடங்கியது. விளக்குப் போடக்கூட எழுந்திருக்கவில்லை.

இருட்டும் நேரத்தில் அவன் கண் விழித்தான்.

"நல்லாத் தூங்கினியாடா?"

"ம்." அவன் சோம்பல் முறித்தான். "கையைத்தான் ரெண்டு பேரும் நசுக்கிட்டீங்க."

"எந்த ரெண்டு பேரு?"

"இந்தக் கையை நீ பிடிச்சிருந்தே, தெரிஞ்சுது." வலது கையை விரித்து மூடினான். பிறகு இடது கையைத் தூக்கி, புரியாமல் பார்த்தான். மணிக்கட்டைச் சுற்றி விரல் பதிந்த தடங்கள் சிவந்திருந்தன. "இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது யாரு அக்கா? இப்பதான் விட்டாங்க."

அவள் அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் கட்டில் சுவரை ஒட்டிக் கிடந்தது.