தமிழ்மாறன் நாட் அவுட்

டமார்!

தெருமுனையில் வெடித்த வெடியில் இனியாவின் கையிலிருந்த பந்து நழுவி விழுந்தது. பின்னாலேயே பறைச் சத்தம் கேட்டது. தமிழ்மாறனின் அப்பா வடிவேலை எடுத்துப் போகிறார்கள். முந்தின நாள் நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார்.

"சின்னப் பிள்ளைங்க அந்தப் பக்கம் போங்க" என்று பெரியவர்கள் எல்லாரையும் மைதானத்துக்கு அனுப்பியிருந்தார்கள். யாரும் விளையாடவில்லை.

பிள்ளைச்சாவடிக் கடற்கரையை ஒட்டிய அந்தக் காலி இடத்தை மைதானம் ஆக்கியதே வடிவேல்தான். "டெஸ்ட் மேட்ச் கிரவுண்டுன்னா ரெண்டு முனைக்கும் பேரு இருக்கணும்" என்று சொல்லி, ஒன்றுக்குக் கடல் முனை, இன்னொன்றுக்கு ஐஸ் பாக்டரி முனை என்று பெயர் வைத்தார். கடலுக்குப் போய் வந்து தூங்கி எழுந்ததும் நேராக இங்கே வந்துவிடுவார். ஒரு ஓவர் முழுக்க ரன்னே வராவிட்டாலும் கைதட்டுவார். "அஞ்சு நாள் இருக்குல்ல, என்ன அவசரம்?" என்பார்.

பிள்ளைகளும் ஐந்து சாயங்காலம் நடக்கும் டெஸ்ட் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். மூன்றாம் நாள் முடிவில் தமிழ்மாறன் முப்பத்தொன்று, நாட் அவுட். ஐஸ் பாக்டரி சுவரில் கரியால் எழுதியிருந்தது.

இரண்டு நாள் போனது. தமிழ்மாறன் அணியின் கேப்டன் வெற்றிச்செல்வன் மட்டையை எடுத்தான்.

"எத்தினி நாள் சும்மா உக்காந்திருக்கிறது? அவனுக்குப் பதிலா நான் இறங்குறேன்."

"முடியாது. இன்னிக்கு மழை" என்றாள் எதிரணிக் கேப்டன் இனியா.

வெற்றிச்செல்வன் அண்ணாந்து பார்த்தான். பொட்டு மேகம்கூட இல்லை. "எங்கடி மழை?"

"டெஸ்ட்டுல மழை வந்தா ஆட்டம் நிக்கும். நாட் அவுட்டா இருக்கிறவன் அப்படியே நாட் அவுட்டுதான்."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கும் மழைதான்."

"லூசா நீ? அவன் இல்லன்னா நீங்கதானே ஜெயிப்பீங்க."

"அதான் வேணாங்கறேன்."

மறுநாள் பொடியன் ஹரிகிருஷ்ணன் குடையோடு வந்து நின்றான். வெற்றிச்செல்வனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தமிழ்மாறன் மொட்டைத் தலையோடு வந்தான். சுவரையே பார்த்தான்.

"இன்னும் முடியலையா?"

"மழைண்ணே" என்றான் ஹரிகிருஷ்ணன்.

தமிழ்மாறன் மட்டையை வாங்கிக்கொண்டான். இனியா கடல் முனையிலிருந்து வீசினாள். தடுத்தான். அடுத்ததையும் தடுத்தான். ஓவர் ஓவராகப் போயிற்று. ஒரு ரன்னும் எடுக்கவில்லை.

"அடிடா, நம்ம ஜெயிக்கணும்ல" என்று வெற்றிச்செல்வன் கத்தினான்.

இனியா வேண்டுமென்றே சுலபமான ஃபுல்டாஸ் ஒன்று போட்டாள். அதையும் அவன் காலடியிலேயே தடுத்து நிறுத்தினான். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

பந்தை எடுக்க வந்தவள் மெதுவாகக் கேட்டாள். "அதைக்கூட ஏன்டா அடிக்கல?"

தமிழ்மாறன் தலையை நிமிர்த்தவில்லை.

"அவுட்டாயிட்டா வீட்டுக்குப் போவணும் இனியா. அங்க அப்பா இல்ல."