ஆறு தங்கப் பல்

காலையில் இராஜம்மா தன் கையால் இறுக்கி முடிந்த வாய்க்கட்டு அவிழ்ந்து புருஷன் தம்புசாமியின் கழுத்தில் கிடந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே லைன் வீட்டுக்குள் ஊதுபத்திப் புகையும் காய்ச்சல் வேர்வையின் வாடையும் முட்டி நிற்க, தகரக்கூரையில் விடாமல் அடித்த மழையில் வெளியே உட்கார்ந்திருந்த ஆம்பளைகளின் பேச்சு விட்டுவிட்டுத்தான் கேட்டது. பிணத்தைவிட அவர்களிடம்தான் அவளுக்குப் பயம். மழை விட்டதும் எடுத்துவிடலாம் என்று காத்திருந்தார்கள்.

ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயில் ஆள் குறைத்து, கப்பல் கப்பலாக ஜனங்களை ஊருக்கு அனுப்பிய அந்த வருஷம்தான் தம்புசாமிக்கு அந்த மகா யோசனை உதித்தது.

"நோட்டெல்லாம் நாளைக்கு வெறும் கடுதாசி ஆயிரும் புள்ள. தங்கந்தான் நிக்கும். பொட்டியில வெச்சா திருடுவான், வாயில வெச்சா எவன் திருடுவான்?"

அவளுக்கு மஞ்சள் கயிற்றை மட்டும் விட்டுவிட்டு வளையலையும் தாலியையும் உருக்கி, சீனப் பல்லுக்காரனிடம் போய் ஆறு பல்லுக்கு உறை போட்டுக்கொண்டான். கிள்ளான் வரைக்கும் போய்ச் சிரித்துக் காட்டிவிட்டு வந்தான் மனுஷன். இப்போது வீட்டில் ஒரு பிடி அரிசி இல்லை. மூன்று வயது மகள் புஷ்பவல்லி அடுத்த வீட்டில் பசியில் அழுவது சுவர் வழியாகக் கேட்டது. அந்தப் பல்லை விட்டால் இராஜம்மாவுக்கு வேறு கதி இல்லை.

"அக்கா, நீங்க போய்க் கொஞ்சம் படுங்க. நான் உள்ள ஒக்காந்துக்கிறேன்."

வாசலில் பக்கிரிசாமி. புருஷனோடு தண்டவாள வேலை பார்த்தவன். காலையில் மூக்கில் கை வைத்துப் பார்த்து, போயிட்டாரு என்று சொன்னதும் அவன்தான். அவன் வேட்டி மடிப்பில் குறடு துருத்திக்கொண்டிருந்தது.

"வேணாம் தம்பி."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். புருஷனின் கோணிப்பையைத் துழாவி அவனுடைய குறட்டை எடுத்தாள்.

"மன்னிச்சிருய்யா."

பல்லைக் கவ்வி, முறுக்கி இழுத்தாள். எலும்பு நெரிந்தது. வேரோடு வந்தது.

பின்னாலேயே ரத்தம் வந்தது. கொதகொதவென்று, சூடாக. அவள் மணிக்கட்டில் வழிந்தது.

பிணத்துக்கு இப்படி ரத்தம் வராது.

தம்புசாமி கண்ணைத் திறந்தான்.

"பு... புள்ள..."

அவன் கை எழுந்து அவள் கையைப் பிடித்தது. இராஜம்மாவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைக் கூப்பிடுவது? வெளியே பக்கிரிசாமி தோளால் கதவை இடித்தான். தாழ்ப்பாள் ஆணி ஆடியது. மழை விட்டிருந்தது. புஷ்பவல்லி இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

புருஷனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள். முழங்காலை அவன் நெஞ்சில் ஊன்றினாள். இடது கையால் அவன் கண்ணைப் பொத்தினாள்.

அடுத்த பல்லில் குறடு பதிந்தது.