மூன்றாவது குடித்தனம்

நேற்று மூன்று புள்ளிகள்தான் இருந்தன. உறையின் மேல் பென்சிலால் ‘மூன்று’ என்று எழுதியவளே அவள்தான். இன்று மதியம் அதே உறையைப் பிரித்தால், சாம்பல் பூத்த அந்த லைக்கன் துண்டின் மேல் மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் பதினொன்று.

ஏதோ மலைப் பாறையிலிருந்து சுரண்டியெடுத்து, நாற்பது வருஷமாகக் காகிதத்துக்குள் காய்ந்து கிடந்த சரக்கு அது. செத்ததில் எப்படிப் புதிதாக ஒன்று முளைக்கும்?

உலர்ந்த மாதிரிகளை உறையிட்டு வைக்கும் தாவரக் காப்பகத்தின் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. வரிசையாக இரும்பு அலமாரிகள், ஈரத்தை உறிஞ்சும் இயந்திரத்தின் ஓயாத முனகல், பழைய காகிதமும் பூச்சிமருந்தும் கலந்த வாடை, கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. உறை பிரித்திருக்கும்போது கதவு மூடியே இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். ஐந்து மாத வயிற்றோடு தினமும் அதற்குள்தான் உட்கார்ந்திருக்கிறாள். முதல் இரண்டும் தங்கவில்லை. இது தங்கிவிட்டது. முந்தாநாள்தான் முதல் உதை. கணவன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு அசடு வழியச் சிரித்தான்.

காப்பகப் பொறுப்பாளரை எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். அவர் அறைக்கு மட்டுமே போகும் மேஜைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் முதலில் சிரித்தார். லைக்கன் என்பதே பூஞ்சையும் பாசியும் ஒரே உடம்பில் நடத்துகிற குடித்தனம், அதில் மூன்றாவதாக வந்து ஒட்டிக்கொள்கிற இன்னொரு பூஞ்சை இது, இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும் ஜாதி என்றார்.

“பயப்படாதம்மா. ஒத்தை உயிரை அது சீண்டாது. ரெண்டு உயிர் ஒரே உடம்புல இருந்தாதான் அதுக்கு வேலை.”

சொல்லிவிட்டு அவரே பேச்சை நிறுத்திக்கொண்டார்.

“நேத்து அந்த உறைய எச்சில் தொட்டா பிரிச்ச?”

“ஆமா சார்,” என்றாள். மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்டது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று அவர் நூறு தடவை கண்டித்திருக்கிறார். ஒட்டிப்போன மடிப்பை மற்றவர்கள் மழுங்கல் கத்தியால் நெம்ப, அவள் விரல் மட்டும் தானாக நாக்குக்குப் போகும். நேற்றும் போனது. பிரித்த பிறகு, அடுத்த உறைக்காக அதே விரல் மறுபடியும் போனது. மண் வாடை, லேசான கசப்பு. விழுங்கிவிட்டாள்.

இப்போது அந்த விரலைப் பார்த்தாள். நுனியில் சாம்பல் படிந்திருந்தது. சட்டையில் தேய்த்தாள். போகவில்லை. நகத்தால் சுரண்டினாள். வலித்தது, அது அவள் தோலாகவே இருந்தது.

கதவுக்கு ஓடினாள். கண்ணாடியில் பெரியவரின் முகம் வந்து நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அவரோ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, விரலைத்தான் பார்த்தார். வெளியே பூட்டில் சாவி திரும்பியது.

“சார், திறங்க.”

“எம் பொண்ணும் மாசமா இருக்காம்மா,” என்றார். “மன்னிச்சிடு.”

காலடிகள் தூரப் போயின. அவள் கதவைத் தட்டினாள். கை சிவக்கத் தட்டினாள். இயந்திரம் முனகியது. வேறு சத்தமில்லை.

சட்டையை மேலே தூக்கினாள்.

தொப்புளைச் சுற்றி ஒரு சாம்பல் வட்டம். காய்ந்து, ஓரம் சுருண்டு. பாறையில் படர்வதைப் போலவே. அதன் மேல் மூன்று புள்ளிகள்.

உள்ளே ஓர் உதை.

உதைத்த இடத்தில் நாலாவது.

இத்தனை வருஷம் எந்த உதைக்காகத் தவம் கிடந்தாளோ, அதை வேண்டாம் என்று கெஞ்சினாள். “உதைக்காத கண்ணு. அம்மா சொல்றேன்ல. அசையாம இரு.” இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

குழந்தை அம்மாவின் குரலைக் கேட்டது. சந்தோஷமாக உதைத்தது. மறுபடியும். மறுபடியும். ஒவ்வொரு உதைக்கும் அவள் உள்ளங்கைக்கு அடியில், கடுகளவாக, கெட்டியாக, ஒன்று முளைத்துக்கொண்டிருந்தது.