மறுமணி அடிக்கும் வரை

அச்சரப்பாக்கத்திலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், மூடிப்போன கல் குவாரிக்கு எதிரே இருக்கிறது அந்தக் கம்பெனிக் குடியிருப்பு. வரிசையாக ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், நடுவில் பழைய கம்பெனிக் கடை. ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அங்கே மெஸ் போட வேண்டும் என்பது என் வீட்டுக்காரர் ஜோயலின் ஆசை. எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. ஆனால் எந்த இடத்திலும் என்னைத் தனியாகத் தவிக்க விட்டவர் இல்லை என்பதால் கூடப் போனேன்.

கடைக்குள் வெடிமருந்து நெடி இன்னும் போகவில்லை. ஜோயல் சந்தோஷமாகச் சுவரை அளக்க ஆரம்பித்தார். நான் குடிக்கத் தண்ணீர் கேட்டு எதிர் வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டு பிரிசில்லா அக்கா சொம்பை நீட்டினார்.

"அந்தக் கடையவா எடுக்கப் போறீங்க? வேணாம்மா."

"இன்னாக்கா, பேய் எதுனா கீதா?"

அக்கா சிரிக்கவில்லை. குவாரி ஓடிய காலத்தில் மதியம் வெடி வைப்பார்களாம். பறந்து வரும் கல்லை ஓடு தாங்காது. கடைக்கு மட்டும்தான் காங்கிரீட் கூரை. மணி அடித்ததும் எல்லாரும் கடைக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார்கள். வெடி முடிந்து மறுமணி அடிக்கும் வரை யாருக்கும் திறக்கக் கூடாது.

"ஒருநாளு சியாமளான்னு ஒருத்தி வெளிய மாட்டிக்கினா. கதவத் தட்டிக்கினே கத்துனா. உள்ள அவ புருசனும்தான் இருந்தான். ஒருத்தனும் தொறக்கல."

"அவதான் சுத்துறாளா?"

"அவ போய்ட்டா, பாவம். உள்ள இருந்தவங்கதான் போவல."

அப்போது மணி அடித்தது.

குவாரி மேட்டில் கம்பம் மட்டும்தான் நின்றது. அதில் மணியே இல்லை.

வரிசை வீடுகளின் கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. அக்கா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஜோயல் அங்கே தனியாக இருக்கிறாரே என்று உதறிவிட்டு ஓடினேன்.

கடைக் கதவு மூடியிருந்தது.

"ஜோயல்! தொறங்க!"

இரண்டு கையாலும் தட்டினேன்.

பின்னால் ஏதோ பறந்து வந்து மண்ணில் சொத்தென்று விழுந்தது. கருங்கல். தொட்டால் சுடும் போலிருந்தது.

கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

உள்ளே நெருக்கிக்கொண்டு ஆட்கள். தலையெல்லாம் கல் தூசி. அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

தாழ்ப்பாளின் மேல் ஜோயலின் கை இருந்தது.

மறுமணி அடித்த பிறகுதான் கதவு திறந்தது. உள்ளே ஜோயல் மட்டும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"நா தொறக்கத்தான் பாத்தேன் ரெஜி. என் கைய அமுக்கிக்கினாங்க."

இரண்டு மணிக்கட்டிலும் விரல் தடங்கள், கன்றிப் போயிருந்தன. அவரைக் கட்டிக்கொண்டேன். மனசாரத்தான் நம்பினேன்.

கடையும் வேண்டாம், மெஸ்ஸும் வேண்டாம் என்று அன்றே நாவலூரில் எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

மறுநாள் மதியம், குப்பைக் கவரை வைக்க ஃபிளாட் வாசலைத் தாண்டினேன். எங்கோ மணி அடித்தது.

எனக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

"ஜோயல்?"

உள்ளே அவர் அழுவது கேட்டது. கூடவே, கதவை ஒட்டி நின்று பலர் மூச்சு வாங்குவதும்.

மூன்றாவது மாடி வராந்தாவில், என் காலடியில், கருங்கல் சில்லு ஒன்று வந்து விழுந்தது.

சுட்டது.